கதைக்காமல் இருக்க ஓர் ஒப்பந்தம்

இணக்கசபையில் இருந்து நான் எழுதிய ஒப்பந்தங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் தடிப்பு, அதாவது தற்பெருமை, உண்டு. வீட்டில் இதைச் சொன்னால் என் கணவர் பத்திரிகையைக் கீழே இறக்கி, "கொஞ்சமோ?" என்று கேட்பார். சரி, நிறையவே உண்டு. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

முப்பது வருடம் தபால் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவள் நான். வரிசையில் நில், விலாசத்தை விளங்க எழுது, முத்திரையை மேசையில் ஒட்டாதே என்று சனத்தை அதட்டி அதட்டியே ஓய்வுபெற்றேன். அப்படிப்பட்டவளை இணக்கசபைக்கு நியமித்தபோது எங்கள் ஊரான அளவெட்டிப் பக்கத்தில் சிரிக்காத ஆள் இல்லை. "உவவின்ரை வாய்க்குப் பயந்தே சனம் சமாதானமாய்ப் போயிடும்" என்று என் கணவர் வாசல் படலையில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார்.

இணக்கசபை என்றால் பெரிய மண்டபமும் கறுப்பு அங்கியும் இல்லை. ஞாயிறு காலையில் ஒரு பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். வழக்குக்குப் போக முன் பேசித் தீர்க்கலாம் என்று பொலிஸாரோ நீதிமன்றமோ அனுப்பும் சின்னச் சின்னப் பிணக்குகள் எங்களிடம் வரும். சபையில் உள்ளவர்களில் ஒருவரை ஒரு பகுதியார் தெரிவு செய்வார்கள், இன்னொருவரை மற்றப் பகுதியார். அந்த இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைமைக்குக் கூப்பிடுவார்கள். தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. இணங்கினால் ஒப்பந்தம் எழுதுவோம். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று எழுதிக் கொடுப்போம், அதோடு அவர்கள் கோட்டுக்குப் போகலாம்.

இதற்காக ஐந்து நாள் பயிற்சி தந்தார்கள். பயிற்சி தந்தவர் கெட்டிக்காரப் பெடியன், என் மகனின் வயது இருக்கும். மனிதர் வாயால் கேட்பது வேறு, உள்ளுக்குள் தேவைப்படுவது வேறு, கேட்பதை விட்டுத் தேவையைத் தேடுங்கள் என்றார். இணங்காவிட்டாலும் தாக்குப்பிடிக்கக் கூடியவர் எவரோ அவர் அவசரப்பட மாட்டார், விட்டும் கொடுக்க மாட்டார் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பகுதியாரையும் நேருக்கு நேர் இருத்திக் கதைக்க வையுங்கள், கதைத்தால்தான் எதுவும் தீரும் என்றார். அந்தக் கடைசி விதியை நான் கொப்பியில் எழுதி, சிவப்புப் பேனாவால் இரண்டு தரம் கீழ்க்கோடு இழுத்தேன். தபால் கந்தோர் பழக்கம், விதி என்றால் எனக்கு விதிதான்.

அந்த விதியை முதலில் உடைத்துத் தந்தவர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர்.

அக்காவுக்கு அறுபத்து நாலு வயது, தங்கைக்கு ஐம்பத்தேழு. தாய் தகப்பன் சீதனமாகக் கொடுத்த வீடும் தோட்டக் காணியும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரே ஒரு கிணறு, உறுதிப் பத்திரத்தில் ஆளுக்குப் பாதி. ஒருவர் மோட்டரைப் போட்டு இறைத்து முடித்தால், கிணறு திரும்ப ஊற அரை நாள் வேண்டும். பிறகு மற்றவர் இறைக்கலாம். எங்கள் ஊர்களில் பங்குக் கிணறுகள் எல்லாமே இப்படித்தான்.

இருவரும் கோபமாகி ஒன்பது வருடம். தங்கையின் மகள் பெரியபிள்ளையானபோது ஆராத்தி எடுக்கத் தன்னை முதலில் கூப்பிடவில்லை என்று அக்கா சாப்பிடாமலே எழும்பிப் போய்விட்டார். பிறகு தங்கையின் கணவர் இறந்தபோது அக்கா படலையோடு நின்றுவிட்டுப் போனது தங்கைக்கு ஆறாத புண். அதன் பிறகு நன்மை தின்மைக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. ஆனால் தண்ணீருக்காக ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வந்தது அந்த வைகாசியில்தான்.

ஒரு புதன்கிழமை இரண்டு மோட்டர்களும் ஒரே நேரத்தில் ஓடிக் கிணறு சேறாகிவிட்டது. தங்கை கத்தியோடு வந்து அக்காவின் குழாயை வெட்டினார். அக்காவின் கணவர் பொலிஸுக்குப் போனார். இணக்கசபையில் பேசி முடிக்கும்வரை ஒருவரும் கிணற்றைத் தொடக்கூடாது என்று பொலிஸார் சொல்லிவிட்டார்கள்.

தொடாவிட்டால் யாருக்கு நட்டம் என்பது ஊருக்கே தெரியும். அக்காவிடம் இருந்தது மிளகாய், இன்னும் சில நாள் தாங்கும். கனடாவில் மகனும் இருக்கிறான். தங்கையிடம் மூன்று பரப்பு வெங்காயம், குமிழ் பருக்கிற பருவம். தண்ணீர் இல்லாவிட்டால் அது அப்படியே சுருண்டுவிடும். கணவர் இல்லை, மகள் கம்பஸில் படிக்கிறாள், தாயும் மகளும் அடுத்த அறுவடை வரை சீவிக்க அந்த வெங்காயத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை என்னைத் தெரிவு செய்தார். அக்கா ஹாட்வெயர்க் கடைக்காரர் ஒருவரைத் தெரிவு செய்தார், அவர் நல்ல மனிதர், கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரைத் தலைமைக்குக் கூப்பிட்டோம். நான் கொப்பியில் சிவப்புக் கோடு போட்ட விதியின்படி இரண்டு கதிரைகளையும் எதிரெதிரே இழுத்துப் போட்டேன்.

"இஞ்சை பாருங்கோ, எங்களுக்குச் சொல்ல வேண்டாம். நீங்கள் ரெண்டு பேரும் முகத்தைப் பாத்துக் கதையுங்கோ" என்றேன்.

அவர்கள் கதைத்தார்கள். கடவுளே, எப்படிக் கதைத்தார்கள்! ஆராத்தி வந்தது, படலை வந்தது, தாயின் காப்பு யாருக்குப் போனது என்பது வந்தது. இதில் ஒரு வேடிக்கை, என்னை அக்கா "தங்கச்சி" என்றார், தங்கை "அக்கா" என்றார். தங்களுக்குள் மட்டும் அந்தச் சொற்களை வாயில் எடுக்கவில்லை. எங்கள் படிவத்தில் இருந்த சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தங்கச்சி, உந்த இரண்டாம் பகுதியை முதல் வாயை மூடச் சொல்லுங்கோ."

"முதலாம் பகுதிதான் முறையை மீறினது, அக்கா. நான் இல்லை."

"சரி, முறை எண்டால் என்ன முறை? எந்த நேரம் யாருடைய முறை எண்டு எப்பிடித் தெரியும்?" என்று அதிபர் கேட்டார்.

"தெரியும்" என்றார் அக்கா.

"எப்பிடி?"

"தெரியும்தானே, சேர்" என்றார் தங்கை.

ஒன்பது வருடமாகத் தங்களுக்குள் ஒரு தொடர்பும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை என்று இருவருமே கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னார்கள். கடைசியில் அக்கா எழும்பி, "கோட்டிலை பாப்பம். எனக்கு அவசரம் இல்லை" என்றார். தங்கையின் முகம் வெளுத்துப்போனது. கோட்டு வழக்கு என்றால் மாதக் கணக்கு. வெங்காயத்துக்கு நாள் கணக்கு.

அதிபர் இணங்கவில்லை என்று எழுதும் படிவத்தை எடுத்தார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. நெருப்பு இல்லாத இடத்தில் ஊதி ஊதி மூட்டியவள் நான்தானே. "சேர், ஒரு நாள் தாங்கோ. நாளைக்குப் போய் இடத்தைப் பாக்கிறன். ஒப்பந்தம் வராட்டில் உந்தப் படிவத்தை நானே நிரப்பித் தாறன்" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

திங்கட்கிழமை விடிய, கடைக்காரரை அவருடைய கடைக்கு விட்டுவிட்டு, நானும் அதிபரும் போனோம். கிணற்றைப் பார்த்ததும் எனக்கு அதன் புதுக்கோலம்தான் கண்ணில் பட்டது. கட்டு உயர்த்திச் சீமெந்து பூசி, நீல வர்ணம் அடித்து, சுற்றிவர நிலமும் கொங்கிறீற். பங்குனியில் கனடாவில் இருந்து வந்த மகன் தன் சொந்தச் செலவில் செய்துவிட்டுப் போனானாம். அக்காவின் கணவர் எங்களுக்குப் பின்னால் தலையைச் சொறிந்தபடி வந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர்.

"நல்ல வடிவாய்த்தானே கட்டியிருக்கு" என்றார் அதிபர்.

"வடிவுதான் சேர்" என்றார் அவர். "அந்த வாளியை மட்டும் எறியாமல் விட்டிருந்தால்..."

"நீங்கள் பேசாமல் இருங்கோ!" என்று அக்கா தன் வீட்டு வளவுக்குள் இருந்து போட்ட சத்தத்தில் ஆட்டுக்குட்டி துள்ளிவிட்டது.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த முப்பது வருடம் எனக்கு ஒன்றை மட்டும் நன்றாகப் பழக்கியிருந்தது. ஒருவர் எதைச் சொல்லவிடாமல் தடுக்கிறாரோ அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதிபரை அக்காவோடு விட்டுவிட்டு நான் தங்கையின் வளவுக்குப் போனேன். அவர் வெங்காயப் பாத்திகளைப் பார்த்தபடி நின்றார். இலை நுனிகள் மஞ்சளாகி வளையத் தொடங்கியிருந்தன.

"என்ன வாளி?" என்று கேட்டேன்.

"எந்த வாளி?"

"எனக்குக் கதை விடாதையுங்கோ."

அவர் குனிந்து காய்ந்த இலை நுனி ஒன்றைக் கிள்ளினார். பிறகு குற்றம் செய்தவர் போலச் சொன்னார். கிணற்றுக் கட்டில் ஒரு பழைய இரும்பு வாளி எப்போதும் இருந்ததாம். இறைக்கத் தொடங்குபவர் அதை நிமிர்த்தி வைப்பார். இறைத்து முடிந்தால் கவிழ்த்து வைப்பார். கவிழ்ந்திருந்தால், நான் முடித்துவிட்டேன், இனி உன் முறை என்று பொருள். அடுத்த முறையும் தனக்கே வேண்டுமென்றால், கவிழ்த்த வாளியின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு வர வேண்டும். மற்றவருக்குச் சம்மதம் என்றால் அந்தக் கல்லை எடுத்துவிடுவார்.

"ஒன்பது வருஷமும் இதுதானோ?"

"ஓம் அக்கா. கதைச்சதில்லை. வாளி மட்டும்தான்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "இவர் செத்த வருஷம் நான் எத்தனை தரம் கல்லு வைச்சிருப்பன். ஒரு தரம்கூட அவ எடுக்காமல் விட்டதில்லை. பங்குனியிலை ஒருநாள் வந்து பாக்கிறன், வாளி இல்லை. எடுத்தெறிஞ்சிட்டா. இனி எனக்கு அதுவும் இல்லை எண்டுதானே அர்த்தம்? நெஞ்சு வெடிச்சுப் போச்சு. பிறகு அவவின்ரை மோட்டர்ச் சத்தம் நிண்டதைக் கேட்டுக் கேட்டுத்தான் இறைச்சன், அந்தப் புதன்கிழமை அதுவும் பிழைச்சுப் போச்சு."

அவர் குழாயை வெட்டியது தண்ணீருக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பக்கம் போனால், அக்காவிடமும் அதே கதைதான். எவ்வளவு கேட்டும் அதிபருக்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "வாளியை ஒளிச்சது அவள்தான், தங்கச்சி. என்னோடை இருந்த கடைசிச் சங்காத்தத்தையும் வெட்டத்தான்" என்றார்.

நான் திரும்பி அவருடைய கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"அண்ணை, வாளி எங்கை?"

"அது... மகன் கிணத்தடியைத் துப்புரவாக்கேக்கை பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டான்" என்றார். "எனக்கு அப்பவே தெரியும். சொன்னால் இவ அவனைப் பேசுவா எண்டு விட்டிட்டன்."

இரண்டு மாதம்! ஒரு வாளி காணாமல் போனதற்கு இரண்டு பெண்கள் இரண்டு மாதமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்க, இந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு திரிந்திருக்கிறார். வாளி எங்கே என்று அக்காவும் கேட்கவில்லை, தங்கையும் கேட்கவில்லை. கேட்டால், ஒன்பது வருடமாகத் தாங்கள் உறவில் இருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? எங்கள் ஆட்களின் ரோசத்தை என்னவென்று சொல்வது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வழக்கம் போல வாயில் வந்தது ஏச்சுத்தான். அந்த அண்ணைக்கு அன்று கிடைத்த ஏச்சை அவருடைய பேரப்பிள்ளைகளும் மறக்க மாட்டார்கள்.

பிறகுதான் உண்மையான பேரம் தொடங்கியது. இரண்டு வளவுக்கும் இடையில் நான் எட்டுத் தரம் நடந்தேன். புது வாளி யார் வாங்குவது? அக்கா வாங்கினால் தங்கை தொட மாட்டாராம். தங்கை வாங்கினால் அக்கா தொட மாட்டாராம். அதிபர் ஒரு பிளாஸ்ரிக் வாளி வாங்கித் தரட்டுமா என்றார். சோளகக் காற்றுக்கு அது பறந்துவிடும் என்று இரண்டு வளவிலிருந்தும் ஒரே பதில் வந்தது. என் வீட்டில் ஒரு இரும்பு வாளி இருக்கிறது, அது இருவருக்கும் சொந்தமில்லை, இணக்கசபையின் வாளியாக அங்கே இருக்கட்டும் என்றேன். அதற்கு இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அடுத்தது யாருக்கு முதல் முறை. சண்டைக்கு முன் கடைசியாக இறைத்தது தங்கை. ஆகவே முறைப்படி அக்காவுக்குத்தான். தங்கையின் வெங்காயம் கிடக்கும் நிலையைச் சொல்லிப் பார்த்தேன். "முறை எண்டால் முறைதான்" என்றார் அக்கா. அவர் இறைத்துக் கிணறு ஊறித் தங்கைக்கு முறை வர இன்னும் அரை நாள் போகும். ஆறு நாள் வெயில் குடித்த பயிருக்கு அந்த அரை நாள் பெரிய நாள். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு ஓம் என்றார்.

ஒப்பந்தத்தை நான் எழுதினேன். வாளியின் மூன்று நிலைகளும் எழுதினேன். கடைசியில் அதிபர், எல்லா ஒப்பந்தத்திலும் வழக்கமாக வரும் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். இரு பகுதியாரும் இனி உறவோடு பேசிப் பழகுவார்கள் என்ற வரி.

"அப்பிடி எழுதினால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார் தங்கை. அக்காவிடம் போனேன். "கதைக்கச் சொல்லி எழுதினால் தாளைக் கிழிச்செறிஞ்சுபோடுவன்" என்றார். அவர்கள் இருவரும் ஒரு விசயத்தில் முழுதாக இணங்கியது அந்த ஒன்றில்தான். ஆகவே நான் இப்படி எழுதினேன்: "இரு பகுதியாரும் ஒருவரோடொருவர் கதைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாளி போதுமானது."

"இப்பிடி ஒரு வாசகத்தை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை" என்றார் அதிபர். "மேலிடத்திலை கேட்டால் என்ன சொல்லுறது?"

"என்னட்டை அனுப்புங்கோ சேர். நான் சொல்லுறன்" என்றேன். அவருக்கு என் வாயைத் தெரியும். கையெழுத்து வைத்தார். மேலிடத்திலிருந்து இன்றுவரை ஒருவரும் கேட்கவும் இல்லை.

என் கொப்பியில் இருந்த சிவப்புக் கோட்டை நான் அழிக்கவில்லை. கதைத்தால்தான் தீரும் என்பது பல இடங்களில் சரிதான். ஆனால் சொல்லில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை இழுத்துவைத்துச் சொல்லுக்குள் தள்ளினால் அது நின்றுபோகும். இதை எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன், அதனால்தான் தடிப்பு.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வாளியைக் கொண்டுபோய்க் கிணற்றுக் கட்டில் வைத்தேன். முதல் முறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அங்கேயே நின்றேன். அக்கா வந்து வாளியைக் கையால் தட்டிப் பார்த்தார். நிமிர்த்தி வைத்துவிட்டு மோட்டரைப் போட்டார். மண்வெட்டியோடு மிளகாய்க்குள் இறங்கி வரிசை வரிசையாகத் தண்ணீரை மாற்றிவிட்டார். மொத்தம் பன்னிரண்டு வரிசை. தங்கை தன் வளவில் முருங்கைக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெங்காய இலைகளின் மஞ்சள் அன்று பழுப்பாகியிருந்தது. மத்தியானம் கடந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று நான் மனதுக்குள் கணக்குப் பார்த்துக் கலங்கினேன்.

ஆறாவது வரிசை முடிந்ததும் அக்கா நிமிர்ந்தார். முகத்தைத் துடைத்தார். தங்கையைப் பார்க்கவில்லை, தங்கையின் வெங்காயத்தைப் பார்த்தார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் நேரே போய் மோட்டரை நிற்பாட்டினார்.

"என்னப்பா, அரைவாசி அப்பிடியே கிடக்கு" என்றார் கணவர்.

"எனக்கு இவ்வளவு காணும்" என்றார். வாளியைக் கவிழ்த்து வைத்தார். அது அசையாதா என்று ஒரு தரம் அமத்திப் பார்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்குள் போய்விட்டார். கிணற்றில் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது.

மோட்டர்ச் சத்தம் நின்றதும் தங்கை திரும்பினார். வாளியைப் பார்த்தார். காய்ந்த மண்ணில் நின்ற ஆறு வரிசை மிளகாயைப் பார்த்தார். பிறகு ஓடி வந்தார், ஐம்பத்தேழு வயதுப் பெண், சின்னப் பிள்ளையைப் போல ஓடி வந்தார். வாளியை நிமிர்த்தி, தன் மோட்டரைப் போட்டு, வாய்க்காலோடு தண்ணீருக்கு முன்னால் ஓடி முதல் பாத்தியைத் திறந்தார். தண்ணீர் பாத்திக்குள் பரவியதும் வரம்பில் அப்படியே குந்தி அழுதார். நானும் அழுதேன். அழுவதற்கு நான் வெட்கப்படவில்லை.

"பாத்தீங்களே அக்கா" என்று என்னிடம் சொன்னார், ஈரக்கையால் கண்ணைத் துடைத்தபடி. அவருடைய முகத்தில் இருந்த பெருமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. "அவ சின்னனிலையிருந்தே இப்பிடித்தான். தன்ரை பங்கிலை பாதியை எனக்கு வைச்சிட்டுத்தான் எழும்புவா."

முதல் பாத்தி நிறைந்துவிட்டது. அவர் எழும்பி, மண்வெட்டியை எடுத்து, அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாற்றப் போனார்.